கதிருக்கு அடங்காக் கட்டி

நுழையும்முன்

புற்றுநோய்க் கட்டியைக் கதிரால் அழிக்க முடியும் என்றால், எல்லாக் கட்டிகளும் ஏன் அழிவதில்லை? ஒரே கருவி, ஒரே அளவு கதிர், ஒரே மருத்துவமனை. ஆயினும் ஒருவருக்குக் கட்டி கரைந்து மறைகிறது. மற்றொருவருக்குச் சில மாதங்களில் மீண்டும் தலைதூக்குகிறது. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களுள் ஒன்று, புற்றுநோய்ச் செல் எதை உண்கிறது, எப்படி மூச்சுவிடுகிறது என்பதில் அடங்கியிருக்கிறது. அதனை விளக்குகிறது இப்பாடம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரை அடுத்துத் திருப்புலிவனம் என்னும் சிற்றூர் உள்ளது. புலிக்கால் முனிவர் வழிபட்டதாகத் தலபுராணம் கூறும் வியாக்ரபுரீசுவரர் கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. ஏரிப் பாசனமும் நெல் வயல்களும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டால், காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில் இயங்கும் அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்வது வழக்கம். அங்கே கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியதும் ஊரில் எழும் பேச்சு, ‘கரண்ட் வைக்கிறார்கள்’ என்பதே.

இச்சொல் தமிழ்நாடு முழுவதும் வழங்குகிறது. கருவியின் ஓசையையும், சிகிச்சை பெற்ற இடத்தில் தோல் கறுப்பதையும் கண்ட மக்கள் தாமே படைத்துக்கொண்ட சொல் அது. உண்மையில் நோயாளியின் உடலில் மின்சாரம் பாய்வதில்லை; சுடுவதும் இல்லை; அந்த நேரத்தில் வலி தெரிவதும் இல்லை. உடலுள் பாய்பவை கண்ணுக்குப் புலனாகாத எக்ஸ் கதிர்கள் அல்லது காமாக் கதிர்கள். பெயர் பிழையானது என்றாலும் அதைப் பழிக்க வேண்டியதில்லை. ஆனால், ‘கரண்ட் வைத்தும் கேட்கவில்லை’ என்று மனம் உடைந்து கூறப்படும் மற்றொரு தொடர் உண்டு. அதற்கு அறிவியல் என்ன விடை கூறுகிறது என்பதைக் காண்பது இன்றியமையாதது.

துயரத்தில் பிறந்த மருத்துவமனைகள்

டாக்டர் முத்துலட்சுமி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த இழப்பு அவர் நெஞ்சில் ஆறாமல் கிடந்து, 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் 12 படுக்கைகள் கொண்ட புற்றுநோய் நிலையமாக உருப்பெற்றது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். கனடாவில் செய்யப்பட்ட கோபால்ட்-60 கதிர்க்கருவி 1950களின் பிற்பகுதியில் அங்கு நிறுவப்பட்டது. இந்திய நாட்டில் அத்தகைய கருவி அதுவே முதலாவது.

காஞ்சிபுரத்தில் பிறந்த பேரறிஞர் அண்ணா, உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். முதலமைச்சராக இருந்த ஒருவரையே, அயல்நாட்டு மருத்துவமும் காக்க இயலாமற்போன காலம் அது. அதே ஆண்டில் அவர் பிறந்த மண்ணில், அவர் பெயராலேயே காரப்பேட்டை மருத்துவமனை தோற்றுவிக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்துச் சிற்றூர் மக்களுக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பேருந்து செல்லும் தொலைவுக்குள் கிடைத்தது அதன் பிறகுதான்.

கதிர் கொல்லும் முறை

செல் ஒன்றின் பெரும்பகுதி நீர். எக்ஸ் கதிர் செல்லின் ஊடே செல்லும்போது அந்நீரின் மூலக்கூறுகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகளுள் ஒன்று ஹைட்ராக்சில் எனப்படும் தனி உறுப்பு. இணை சேராத ஓர் எலக்ட்ரானைத் தாங்கிய அது, அருகில் எது இருப்பினும் அதனைத் தாக்கித் தன் குறையை நிரப்பிக்கொள்ளத் துடிக்கும். அருகில் இருப்பது டி.என்.ஏ. இழையாயின், இழையின் அணு ஒன்றைப் பறித்துவிடும். எக்ஸ் கதிரால் விளையும் கேட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு நீரின் வழியே நேர்வது. எஞ்சியது கதிர் நேரடியாக இழையைத் தாக்குவதால் நேர்வது.

டி.என்.ஏ. இரட்டை இழையாலானது. ஓர் இழை மட்டும் முறிந்தால், மற்றோர் இழையைப் படியாகக் கொண்டு செல் அதனை எளிதில் சரிசெய்துகொள்ளும். இரண்டும் ஒரே இடத்தில் முறிந்தால்தான் செல் தடுமாறும். 1 கிரே அளவுக் கதிர், ஒரு செல்லில் ஏறத்தாழ 1000 ஒற்றை இழை முறிவுகளையும் சில பத்து இரட்டை இழை முறிவுகளையும் உண்டாக்குகிறது. சரிசெய்யப்படாத இரட்டை முறிவுகளோடு பகுப்படைய முற்படும் செல் மடிகிறது. கதிர் பட்ட கணத்திலேயே கட்டி கரையாமல், நாள்களும் வாரங்களும் கழித்துச் சுருங்குவதன் காரணம் இதுவே.

இங்கேதான் உயிர்வளியாகிய ஆக்சிஜன் வருகிறது. அணுவை இழந்து நிற்கும் டி.என்.ஏ. இழையோடு ஆக்சிஜன் உடனே சேர்ந்துகொண்டால், அப்புண் நிலைத்த புண்ணாகிவிடும். ஆக்சிஜன் அங்கு இல்லையேல், செல்லில் உள்ள குளுட்டாதயோன் போன்ற வேதிப்பொருள் இழந்த ஹைட்ரஜன் அணுவைத் திருப்பித் தந்து இழையைப் பழைய நிலைக்கு மீட்டுவிடும். ஒரே புண்ணை நோக்கி இருவர் ஓடுகின்றனர். ஒருவர் புண்ணை நிலைக்கச் செய்பவர், மற்றவர் ஆற்றுபவர். நொடியின் ஆயிரத்தில் சில பங்குகளுக்குள் இப்போட்டி முடிந்துவிடுகிறது. ஆக்சிஜன் நிறைந்த செல்லைக் கொல்லத் தேவைப்படும் கதிரைப் போல் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர், ஆக்சிஜன் அற்ற செல்லைக் கொல்லத் தேவைப்படும். அத்தனை கதிரைச் செலுத்தினால் கட்டியைச் சுற்றியுள்ள நல்ல உறுப்புகள் தாங்கா.

தெரிந்து தெளிவோம்

கதிர்வீச்சு அளவின் அலகு ‘கிரே’. ஒரு கிலோகிராம் பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அது 1 கிரே. இங்கிலாந்து நாட்டு இயற்பியலாளர் லூயி ஹரால்டு கிரே நினைவாக இப்பெயர் இடப்பட்டது. கதிரின் கொல்லும் ஆற்றலுக்கு ஆக்சிஜன் துணைபுரிவதை 1953இல் தம் குழுவினரோடு விளக்கியவரும் அவரே.

கடைமடை வயல்

உத்திரமேரூர் என்றதும் முதற்பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு நினைவுக்கு வரும். அக்கல்வெட்டில் ஏரி வாரியம் என்னும் குழுவும் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வூரின் பேரேரி, பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் எனப் பெயர் பெற்றிருந்தது. ஏரியைக் காப்பதற்கென்றே ஒரு வாரியம் ஏன் வேண்டியிருந்தது என்பதை உழவர் எவரும் கூறுவர். கால்வாய் ஒழுங்காக இராவிட்டால் தலைமடை வயல் நீரில் திளைக்கும். கடைமடை வயல் வெடித்துக் கிடக்கும்.

நம் உடலின் நல்ல திசுக்கள் வாரியம் காத்த ஏரிப் பாசனம் போன்றவை. எந்தச் செல்லும் நுண்குருதிக் குழாயிலிருந்து வெகு தொலைவில் இராதவாறு குழாய்கள் ஒழுங்குடன் அமைந்திருக்கும். புற்றுநோய்க் கட்டியோ திட்டமின்றி வளர்வது. அது அவசரமாக உண்டாக்கிக்கொள்ளும் குருதிக் குழாய்கள் கோணலும் மாணலுமாக, சில இடங்களில் கசிந்தும் சில இடங்களில் அடைபட்டும் இருக்கும். குழாயை ஒட்டிய செல்கள் தம் பங்கு ஆக்சிஜனை முதலில் எடுத்துக்கொள்ள, உள்ளே இருப்பவற்றுக்கு எஞ்சுவது சிறிதே.

டாம்லின்சனும் கிரேயும் 1955ஆம் ஆண்டு மனித நுரையீரல் கட்டிகளின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் அளந்து பார்த்தனர். குருதி வரும் விளிம்பிலிருந்து 0.15 மில்லி மீட்டர் முதல் 0.2 மில்லி மீட்டர் தொலைவுக்குள் செல்கள் உயிரோடு இருந்தன. அதற்கு அப்பால் மடிந்து கிடந்தன. ஆக்சிஜன் ஊடுருவக்கூடிய எல்லை அவ்வளவே. மடிந்த செல்களைப் பற்றிக் கவலையில்லை. உயிருள்ளவற்றுக்கும் மடிந்தவற்றுக்கும் இடையே, ஆக்சிஜன் மிகக் குறைந்தும் சாகாமல் தாக்குப்பிடிக்கும் ஓர் அடுக்கு இருக்கிறது. கதிருக்கு அடங்காமல் எஞ்சிப் பின்னர் கட்டியை மீண்டும் வளர்க்க வல்லது அவ்வடுக்கே. கடைமடைப் பயிர் வாடும். கடைமடைக் களையோ வறட்சியைத் தாங்கப் பழகிவிடும்.

புளிக்கும் மாவும் புற்றுநோய்ச் செல்லும்

ஆக்சிஜன் இன்றி ஒரு செல் எப்படி உயிர்வாழும்? விடை ஒவ்வொரு வீட்டின் சமையலறையிலும் இருக்கிறது. முதல் நாள் மாலையில் அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் காலையில் பொங்கிப் புளித்திருக்கும். மாவில் வாழும் பாக்டீரியங்கள் காற்றை நாடாமலேயே சர்க்கரையை அரைகுறையாகச் சிதைத்து லாக்டிக் அமிலமாக மாற்றுவதால் உண்டாகும் புளிப்பு அது. விரைந்து ஓடும்போது நம் தசைச் செல்களும் ஓரளவு இம்முறையை மேற்கொள்கின்றன.

உயிரியல் பாடத்தில் பயிலும் சுவாசித்தலை இங்கு நினைவுகூரலாம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஆக்சிஜன் துணையுடன் மைட்டோகாண்ட்ரியாவில் முழுமையாகச் சிதைந்தால் ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் கிடைக்கும். புளிக்கும் முறையில் கிடைப்பவை 2 மட்டுமே. செருமானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் 1920களில் கட்டிகளின் மெல்லிய சீவல்களை ஆராய்ந்தபோது வியப்பூட்டும் ஒன்றைக் கண்டார். ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தபோதும் புற்றுநோய்ச் செல்கள் குளுக்கோஸைப் புளிக்கச் செய்துகொண்டிருந்தன. இப்பண்பு இன்றும் ‘வார்பர்க் விளைவு’ என அவர் பெயராலேயே வழங்குகிறது. சுவாச நொதியைப் பற்றிய ஆய்வுக்காக அவர் 1931இல் நோபல் பரிசு பெற்றார்.

மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டதனால்தான் செல் இவ்வாறு செய்கிறது, அப்பழுதே புற்றுநோயின் மூலம் என்று வார்பர்க் இறுதிவரை வாதிட்டார். அக்கருத்து நிலைபெறவில்லை. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே இயங்குகிறது. அவ்வாறாயின் 30 கிடைக்கும் வழியை விட்டு 2 கிடைக்கும் வழியில் செல்வானேன்? விறகை முழுவதும் எரித்தால் வெப்பம் மிகுதியாகக் கிடைக்கும். ஆனால், வீடு கட்டுபவனுக்கு வெப்பம் போதாது, மரச்சட்டமும் வேண்டும். விரைந்து பெருகும் செல்லுக்கும் அப்படியே. குளுக்கோஸின் கார்பனை முழுவதும் எரித்துவிட்டால், புதிய செல்லுக்கு வேண்டிய டி.என்.ஏ., புரதம், கொழுப்பு ஆகியவற்றைக் கட்ட மூலப்பொருள் எங்கிருந்து வரும்? ஆகவே, அது குளுக்கோஸை மிகுதியாக விழுங்கிப் பாதி வழியிலேயே கிளைவழிகளுக்குத் திருப்பிவிடுகிறது.

இந்தப் பெரும்பசி மருத்துவருக்கு ஒரு தடயமாகவும் பயன்படுகிறது. ‘பெட் ஸ்கேன்’ எடுக்கும்போது கதிரியக்க ஃபுளுரின் சேர்த்த சர்க்கரை நோயாளியின் குருதியில் செலுத்தப்படும். சர்க்கரையை மிகுதியாக இழுக்கும் கட்டி, படத்தில் சுடர்விட்டுத் தெரியும்.

உணவே கவசமாதல்

புற்றுநோய்ச் செல்லின் இவ்வளர்சிதை மாற்றம், வளர்ச்சிக்கு மட்டுமன்றிக் கதிரினின்று தற்காத்துக்கொள்ளவும் துணைநிற்கிறது என்பது பிற்காலத்தில் தெளிவான செய்தி. குளுக்கோஸ் திரும்பும் கிளைவழிகளுள் முதன்மையானது பென்டோஸ் பாஸ்பேட் வழி. அவ்வழியில் என்.ஏ.டி.பி.எச். என்னும் பொருள் உருவாகிறது. புண்பட்ட டி.என்.ஏ.வுக்கு அணுவைத் திருப்பித் தரும் குளுட்டாதயோனை மேலே கண்டோம் அல்லவா? ஒருமுறை கொடுத்துத் தீர்ந்துபோன குளுட்டாதயோனை மீண்டும் நிரப்பித் தருவது இந்த என்.ஏ.டி.பி.எச். தான். சர்க்கரையை மிகுதியாக விழுங்கும் செல்லிடம் ஆற்றுபவரின் கை ஓய்வதே இல்லை. நிலைக்கச் செய்பவராகிய ஆக்சிஜனோ அங்கு அரிது. போட்டியின் முடிவு முன்னரே எழுதப்பட்டதுபோல் ஆகிவிடுகிறது.

அதே கிளைவழி ரைபோஸ் என்னும் ஐங்கார்பன் சர்க்கரையையும் தருகிறது. அது டி.என்.ஏ.வின் கட்டுமானக் கற்களாகிய நியூக்ளியோடைடுகளுக்கு அடிப்படை. கற்கள் கையிருப்பில் இருந்தால் இடிந்த சுவரை விரைந்து எழுப்பலாம். மூளையில் தோன்றும் கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய கட்டி கதிருக்கு எளிதில் அடங்காதது. அதன் செல்கள் பியூரின் வகைக் கற்களை ஏராளமாக உற்பத்தி செய்து முறிவுகளைச் சரிசெய்துகொள்வதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டனர். அவ்வுற்பத்தியைத் தடுக்கும் மைக்கோஃபினோலேட் புதிய மருந்தன்று. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருவது. ஆய்வக விலங்குகளில் அது கட்டியைக் கதிருக்கு இணங்கச் செய்தது. நோயாளிகளிடம் இச்சோதனை இப்போது நடைபெறுகிறது.

புளிப்பின் விளைபொருளாகிய லாக்டிக் அமிலமும் வெறுங்கழிவு அன்று. அது செல்லைச் சூழ்ந்த இடத்தை அமிலமாக்கி, கட்டியை எதிர்க்க வரும் வெள்ளணுக்களைச் சோரச் செய்கிறது. செருமனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க் கட்டிகளில் லாக்டேட் அளவை அளந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. கட்டியில் லாக்டேட் மிகுந்திருந்த பெண்களுக்கு நோய் பரவுவதும் மீளுவதும் மிகுதியாக இருந்தன.

இவை அனைத்தையும் ஒருங்கே முடுக்கிவிடும் புரதம் ஒன்று உண்டு. அதன் சுருக்கப்பெயர் ஹிஃப். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது செல் இப்புரதத்தை உடனுக்குடன் அழித்துவிடும். ஆக்சிஜன் குறைந்ததும் அது அழியாமல் தேங்கி, குளுக்கோஸை இழுக்கும் வாயில்களைப் பெருக்கவும், புளிக்கச் செய்யும் நொதிகளை உண்டாக்கவும், புதிய குருதிக் குழாய்களை வரவழைக்கவும் ஆணையிடுகிறது. செல் ஆக்சிஜனை உணரும் இவ்வழிமுறையைக் கண்டறிந்த செமன்சா, ராட்கிளிஃப், கேலின் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கதிர்வீச்சே ஹிஃப் புரதத்தைத் தூண்டக்கூடும் என்பது இதில் இன்னும் சிக்கலான செய்தி. அடிபட்ட கட்டி, அடியிலிருந்தே கவசம் செய்துகொள்கிறது.

சோற்றை நிறுத்தினால் கட்டி சாகுமா?

புற்றுநோய்ச் செல் சர்க்கரையை விரும்புகிறது என்று கேள்விப்பட்டவுடன், நோயாளிக்குச் சோற்றையும் இனிப்பையும் அடியோடு நிறுத்திவிட்டால் கட்டி பட்டினியால் சாகும் என்று எண்ணத் தோன்றும். கைப்பேசிகளில் சுற்றும் செய்திகளால் இவ்வெண்ணம் ஊர்தோறும் பரவியும் வருகிறது. இது தவறு, தவறு என்பதோடு தீங்கும் ஆகும். உணவு வாராவிட்டாலும் குருதியில் குளுக்கோஸின் அளவு வீழ்ந்துவிடாதபடி கல்லீரல் காக்கிறது. அதற்கு வேண்டிய மூலப்பொருளைத் தசைப் புரதத்தைக் கரைத்து எடுக்கிறது. ஆகவே, இளைப்பது நோயாளிதான், கட்டியன்று. மேலும், குளுக்கோஸ் குறைந்தால் குளுட்டமைன் போன்ற அமினோ அமிலங்களையும் கொழுப்பையும் உண்டு வாழும் திறன் புற்றுநோய்ச் செல்லுக்கு உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கும் வாரங்களில் எடை குறையாமல் உண்பதையே மருத்துவர்கள் வலியுறுத்துவர். முட்டை, பருப்பு, பால், சோறு ஆகியவை அக்காலத்தில் மருந்துக்கு ஒப்பானவை.

மருத்துவம் தேடிய வழிகள்

கட்டிக்கு ஆக்சிஜன் ஊட்டிவிட்டுக் கதிர் செலுத்தினால் என்ன? இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில் டேவிட்சன் 1955இல் இதனைச் செய்து பார்த்தார். நோயாளியை அடைத்த கலத்தினுள் கிடத்தி, மிகுந்த அழுத்தத்தில் ஆக்சிஜனைச் செலுத்தி, அந்நிலையிலேயே கதிர் பாய்ச்சினார். தலை, கழுத்துக் கட்டிகளில் பயன் தெரிந்தது. எனினும், நோயாளிகளுக்கு இன்னலும் இடரும் மிகுந்த அம்முறை நாள்தோறும் செய்யத்தக்கதாக இல்லை. பின்னர், ஆக்சிஜனைப் போலவே புண்ணை நிலைக்கச் செய்யும் மருந்துகள் தேடப்பட்டன. அவற்றுள் நிமோரசோல் என்பது டென்மார்க்கில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிரோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. பிற நாடுகளில் அது பரவலாகவில்லை.

அடையாற்றில் டாக்டர் சாந்தாவும் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வேறொரு வழியைத் தேர்ந்தனர். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் வழக்கத்தால் இங்கு வாய்ப்புற்றுநோய் மிகுதி. முற்றிய நிலையில் வந்த அந்நோயாளிகளுக்குக் கதிரோடு மருந்தையும் ஒருசேரக் கொடுத்தால் கட்டி கூடுதலாக அடங்குமா என அவர்கள் ஆராய்ந்தனர். பிளியோமைசின் என்னும் மருந்தோடு கதிரைச் சேர்த்த அவர்களது ஆய்வு, கதிரையும் மருந்தையும் ஒரே காலத்தில் தரும் முறைக்கு முன்னோடிகளுள் ஒன்று. இன்று கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர் நடக்கும் வாரங்களில் வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் கொடுப்பது பொதுவழக்காகிவிட்டது.

எல்லா முயற்சிகளும் வெல்வதில்லை. மெட்ஃபார்மின் என்பது சர்க்கரை மாத்திரையாகச் சிற்றூர் வீடுகளிலும் இருப்பது. அது மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் செலவைக் குறைப்பதால், தலைமடைச் செல்கள் குறைவாக எடுத்துக்கொள்ள, கடைமடைச் செல்களுக்கு ஆக்சிஜன் மிஞ்சும் என ஆய்வகச் சோதனைகள் காட்டின. மலிவான மருந்து, அழகான கருத்து. ஆனால், நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவுகள் 2021இல் வெளிவந்தபோது பயன் ஏதும் காணப்படவில்லை. ஒன்றில் மெட்ஃபார்மின் பெற்றவர்களின் நிலை மற்றவர்களைவிடத் தாழ்ந்தே இருந்தது. ஆய்வகக் குடுவையில் மெய்யானது மனித உடலில் மெய்யாகும் என்று முன்கூட்டியே முடிவுசெய்யலாகாது. நீரிழிவுக்கு மருத்துவர் தந்த மெட்ஃபார்மினை அதற்காகவே உண்ண வேண்டும். புற்றுநோய்க்கென எவரும் தாமாக உண்ணத் தொடங்கலாகாது.

மிக எளிய வழி ஒன்றும் உண்டு. ஆக்சிஜனைச் சுமந்து செல்வது குருதியின் ஹீமோகுளோபின். நம் சிற்றூர்ப் பெண்களிடையே இரத்தசோகை மிகுதி. கருப்பைவாய்ப் புற்றுநோயால் ஏற்படும் உதிரப்போக்கு அதனை மேலும் கூட்டும். குருதி வெளிறிய நோயாளியின் கட்டி கதிருக்கு அடங்குவது அரிது. அதனால்தான் கருப்பைவாய்ப் புற்றுநோயாளிக்குச் சிகிச்சை தொடங்கும்போதே ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பர். மிகக் குறைந்திருந்தால் குருதி ஏற்றுவர். புகைபிடிப்பவரின் குருதியில் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தில் அமர்ந்துகொள்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையின்போதும் புகைப்பதை விடாதவர்களுக்குச் சிகிச்சையின் பயன் குறைவதாகக் கனடா நாட்டு ஆய்வொன்று 1993இல் காட்டியது. குடும்பத்தார் ஒருவர், ‘நோய் வந்த பிறகு விட்டு என்ன பயன்?’ என்று நோயாளிக்குப் பரிந்து பேசினால், அதற்குரிய விடை இதுவே.

ஐந்து வாரப் பயணம்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து செலுத்தும் கதிர் பெரும்பாலும் 45 முதல் 50 கிரே வரை, 25 தவணைகளாக, வாரத்துக்கு 5 நாள் வீதம் 5 வாரங்கள் கொடுக்கப்படும். அதன்பின் கருப்பைவாயிலேயே கதிர்மூலத்தை வைத்துச் செய்யும் உட்சிகிச்சையும் உண்டு. திருப்புலிவனத்திலிருந்து நாள்தோறும் உத்திரமேரூர்ச் சாலையில் பேருந்து பிடித்துக் காரப்பேட்டைக்குச் சென்று, சில நிமிடமே நீடிக்கும் சிகிச்சையைப் பெற்றுத் திரும்பும் ஒருவருக்கு, ‘மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுத்து அனுப்பினால் ஆகாதா?’ என்னும் கேள்வி எழுவது இயல்பு.

ஆகாது. முதல் நாள் கதிரால் மடிபவை பெரும்பாலும் குழாயை ஒட்டிய, ஆக்சிஜன் நிறைந்த செல்களே. அவை மடியத் தொடங்கியதும் அவை உண்டு தீர்த்துக்கொண்டிருந்த ஆக்சிஜன் மிஞ்சுகிறது. கட்டி சுருங்க, அழுந்திக் கிடந்த குழாய்களும் சற்றே திறக்கின்றன. கடைமடைச் செல்களுக்கு இப்போது மூச்சு கிடைக்கிறது. மூச்சு கிடைத்தவுடன் அவை கதிருக்கு அடங்கும் செல்களாக மாறுகின்றன. அடுத்தடுத்த நாள்களின் கதிர் அவற்றைத் தாக்குகிறது. இவ்வாறு அடுக்கடுக்காக உரித்துச் செல்வதற்கே தவணைகள். இடைப்பட்ட பொழுதில் குடல், சிறுநீர்ப்பை முதலான நல்ல உறுப்புகளும் தம் முறிவுகளைச் சரிசெய்துகொள்கின்றன.

மூன்றாம் வாரத்தில் உதிரப்போக்கு நின்று, வலியும் குறைந்துவிடும். நாற்று நடவோ அறுவடையோ தொடங்கியிருக்கும், நாள்கூலியும் போகும், பேருந்துச் செலவும் கூடும். உடம்பு தேறிவிட்டது என்று வீட்டில் தங்கிவிடுபவர்கள் உண்டு. அவர்களைக் குறைகூறுவதில் பொருளில்லை. உள்ளே நடப்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். எஞ்சிய செல்களுக்கு அப்போதுதான் ஆக்சிஜனும் உணவும் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியிருக்கும். அவை முன்னினும் விரைந்து பெருகும். கருப்பைவாய்ப் புற்றுநோயில் முழுச் சிகிச்சையும் ஏறத்தாழ 8 வாரங்களுக்குள் முடிய வேண்டும் என்றும், அதற்குமேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டி அடங்கும் வாய்ப்பு 1 விழுக்காடு வரை குறையக்கூடும் என்றும் பல நாடுகளின் ஆய்வுகள் கூறுகின்றன.

விடுபட்ட நாளை ஈடுசெய்யவும் வழியுண்டு. கருவி பழுதாலோ, காய்ச்சலாலோ, பண்டிகையாலோ தவணை ஒன்று தவறினால், நோயாளி மறுநாளே மருத்துவமனைக்குச் சென்று அதனைத் தெரிவிக்க வேண்டும். சனிக்கிழமையில் ஒரு தவணையைச் சேர்த்தோ, ஒரே நாளில் இருவேளை கதிர் கொடுத்தோ மருத்துவர் கணக்கை நேர்செய்வார். இருவேளை கொடுக்கும்போது நல்ல திசுக்கள் தம் முறிவுகளைச் சரிசெய்துகொள்ளும் பொருட்டு இடையில் குறைந்தது 6 மணி நேரம் விடுவர். அன்று காலை முதற்பேருந்தில் வந்தவர் மாலைவரை மருத்துவமனையிலேயே காத்திருக்க நேரும். கையில் மதியச் சோறு எடுத்து வருவது நல்லது.